எக்ஸ்கான் வேலைக்குச் சேர்ந்த கதை

கல்யாணச் சமையலுக்குச் சாமான் பட்டியல் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தலைமைச் சமையற்காரர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போவார். வீட்டுக்காரர் எழுதிக்கொண்டே வருவார். 500 பேர் சாப்பாட்டுக்கு அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்பது பலருக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால் வடை உண்டு என்றால் எண்ணெய்ச் சட்டி வேண்டும். எண்ணெய்ச் சட்டி என்றால் ஜல்லிக் கரண்டி வேண்டும். பொரித்ததைக் கொட்டி வைக்க மூங்கில் கூடை வேண்டும். கூடைக்குள் பரப்பத் தாள் வேண்டும். ஒரு பொருளை எழுதினால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னும் நான்கு பொருள்கள் வரும். ஏதாவது ஒன்று விட்டுப்போனால் அது எப்போது தெரியும்? முகூர்த்த நாளன்று விடியற்காலையில்தான் தெரியும்!

ஏறத்தாழ இதே தொல்லை 1970களின் இறுதியில் அமெரிக்காவின் பெரிய கணிப்பொறி நிறுவனம் ஒன்றுக்கு ஏற்பட்டது. அதைத் தீர்க்க அந்த நிறுவனம் செயற்கை அறிவை வேலைக்குச் சேர்த்தது. தொழில் ஒன்றில் அன்றாட வேலைக்குச் செயற்கை அறிவு வந்து பெரும் பயன் தந்த முதல் நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று. இன்று வங்கி முதல் துணிக்கடை வரை எல்லாரும் "நாங்களும் செயற்கை அறிவைப் பயன்படுத்தப் போகிறோம்" என்கிறார்கள். அதற்கு முன்னால் என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள இந்தப் பழைய கதை நன்றாக உதவும். நடந்தவற்றை அதில் ஈடுபட்டவர்களே எழுதி வைத்திருப்பது நமக்கு வசதி.

பொருத்தம் பார்க்கும் வேலை

நிறுவனத்தின் பெயர் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன். சுருக்கமாக 'டெக்' என்பார்கள். 1957ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேனார்ட் என்னும் சிற்றூரில், பழைய கம்பளி ஆலைக் கட்டடம் ஒன்றில் தொடங்கப்பட்டது. 1977 அக்டோபரில் அது 'வாக்ஸ்-11/780' என்னும் கணிப்பொறியை அறிமுகம் செய்தது. மடியில் வைத்துத் தட்டும் இன்றைய கணிப்பொறி போல் அதை நினைத்துவிடாதீர்கள். பெரிய பீரோக்களை வரிசையாக நிறுத்தியதுபோல் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும்.

டெக் தன் கணிப்பொறியை ஒரே பொருளாக விற்கவில்லை. வாங்குபவர் தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். நினைவகம் இவ்வளவு, தட்டுச் சேமிப்பான் இத்தனை, அச்சுப்பொறி இந்த வகை என்று ஓட்டலில் பலகாரம் சொல்வதுபோல் சொல்லலாம். வாக்ஸ் ஒன்றுக்கு மட்டும் தேர்ந்தெடுக்கத்தக்க உறுப்புகள் ஏறத்தாழ 400 இருந்தன.

வாங்குபவருக்கு இது மகிழ்ச்சியான செய்தி. தொழிற்சாலைக்கோ தலைவலி! ஒவ்வொரு சேமிப்பானுக்கும் அதைக் கட்டுப்படுத்தும் அட்டை வேண்டும். அந்த அட்டையைச் செருகச் சட்டம் வேண்டும். சட்டத்தை வைக்கப் பெட்டி வேண்டும். பெட்டியில் உள்ள எல்லா அட்டைகளுக்கும் போதிய மின்சாரம் அங்கே கிடைக்க வேண்டும். அட்டைகளை எந்த வரிசையிலும் செருகிவிட முடியாது. வரிசை மாறினால் வேகம் குறையும். பீரோக்களைத் தரையில் எப்படி நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துக் கேபிளின் நீளம் மாறும். கேபிள் அளவு மீறி நீண்டால் இணைப்புச் சரிவராது. பத்துப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்பவர்கள்கூட இவ்வளவு பொருத்தம் பார்க்க மாட்டார்கள்!

வந்த ஒவ்வொரு ஆர்டரையும் அனுபவமிக்க ஊழியர்கள் உட்கார்ந்து சரிபார்த்தார்கள். விட்டுப்போன உறுப்பைச் சேர்த்தார்கள், பொருந்தாததை மாற்றினார்கள். அப்படியும் தவறுகள் நழுவிப் போயின. எனவே தொழிற்சாலையிலேயே முழுக் கணிப்பொறியையும் ஒருமுறை பூட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடி பிரித்து அனுப்ப வேண்டியிருந்தது. விட்டுப்போன உறுப்புகளை வாங்கியவருக்கு இலவசமாகக் கொடுக்க நேர்ந்தது. விற்பனை பெருகப் பெருக இந்தச் செலவும் பெருகியது.

ஃபார்ட்ரான், பேசிக் ஆகிய நிரல்மொழிகளில் இதற்கு ஒரு நிரல் எழுதிப் பார்த்தார்கள். அந்த முயற்சிகள் தோற்றன. சாதாரண நிரலில் முதல் அடி, இரண்டாம் அடி என்று எல்லாவற்றையும் வரிசையாக முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இங்கோ நிபந்தனைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. போதாததற்குப் புதிய உறுப்புகள் வந்துகொண்டே இருந்தன.

ஐந்து நாள் பேச்சும் 250 விதிகளும்

1978 டிசம்பரில், பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மெக்டெர்மட் இந்த வேலையை எடுத்துக்கொண்டார். அவர் கையாண்ட முறைக்கு வல்லுநர் அமைப்பு என்று பெயர். வல்லுநர் ஒருவர் மனத்தில் உள்ளதைச் சிறு சிறு விதிகளாக எழுதிக் கணிப்பொறிக்குக் கொடுப்பதே இதன் அடிப்படை. "இன்ன நிலைமை இருந்தால், இன்னதைச் செய்" என்பதே ஒவ்வொரு விதியின் வடிவமும். எடுத்துக்காட்டாக, "இடம் தேடும் அட்டை ஒன்று இருந்து, இப்போதுள்ள பெட்டியில் இடமும் இருந்து, மின்சாரமும் போதுமானால், அட்டையை அங்கே செருகு" என்பது போல் ஒரு விதி இருக்கும். எந்த விதி எப்போது பொருந்தும் என்று நிரலே பார்த்துக்கொள்ளும். புதிதாக ஒரு விதியைச் சேர்க்க மற்றவற்றையெல்லாம் கலைக்க வேண்டியதில்லை.

மெக்டெர்மட் கையேடுகளைப் படித்தார். டெக் நிறுவனத்தின் வல்லுநர்களோடு ஏறத்தாழ ஐந்து நாள் உட்கார்ந்து பேசினார். வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். முதலில் ஆர்டரில் விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டும். பிறகு மையப் பெட்டி, அதன்பின் துணைப் பெட்டிகள், அவற்றின் முகப்புப் பலகைகள், தரை அமைப்பு, கடைசியில் கேபிள். நான்கே மாதங்களில் 250 விதிகளோடு முதல் நிரல் தயாராகிவிட்டது. அதற்கு ஆர்-1 என்று பெயர் வைத்தார்.

எளிய ஆர்டர்களை ஆர்-1 சரியாகவே முடித்தது. சிக்கலான ஆர்டர் வந்ததும் தடுமாறியது. இங்கேதான் கதையின் சுவையான பகுதி தொடங்குகிறது.

வல்லுநர்கள் எதையும் மறைக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். ஆனாலும் அவர்களுக்குத் தெரிந்ததில் பெரும் பகுதி வெளியே வரவில்லை. வழக்கமாகச் செய்வதைச் சொல்லத் தெரிந்தது. வழக்கத்துக்கு மாறான நேரத்தில் என்ன செய்வோம் என்பது நினைவுக்கு வரவில்லை. உங்கள் அம்மாவிடம் "ரசத்துக்கு எவ்வளவு உப்பு?" என்று கேட்டுப் பாருங்கள். "தேவையான அளவு" என்பார். நீங்களே ரசம் வைத்துக் கொடுத்தால், வாயில் வைத்த உடனே, "புளி இவ்வளவு இருந்தால் உப்பு இன்னும் கொஞ்சம் போட வேண்டாமா?" என்பார். அதுவரை அந்த விதி அவர் மனத்தில் இருந்ததே அவருக்குத் தெரியாது.

டெக் வல்லுநர்களும் அப்படித்தான். ஆர்-1 செய்த தவறான அமைப்பை அவர்கள் முன் வைத்தார்கள். பார்த்ததும், "இப்படிச் செய்யக் கூடாது; இந்தப் பெட்டியில் இது இருக்கும்போது அதை அங்கே வைக்க மாட்டோம்" என்றார்கள். அந்தப் பேச்சிலிருந்து ஒரு புதிய விதி பிறந்தது. இன்னொரு தவறு, இன்னொரு விதி. இப்படியே விதிகள் 750ஐத் தாண்டின.

1979 அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஆர்-1க்கு முறையான தேர்வு நடந்தது. உண்மையான ஆர்டர்கள் 50 கொடுக்கப்பட்டன. 6 வல்லுநர்கள் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை செலவிட்டார்கள். 12 பிழையான விவரங்கள் அகப்பட்டன. அவற்றுக்குரிய விதிகளைத் திருத்தி, அந்த ஆர்டர்களை மறுபடி கொடுத்தபோது எல்லாம் சரியாக வந்தன. நிறுவனத்தின் மிகத் தேர்ந்த ஆறு பேரின் நேரத்தை இப்படி எடுத்துக் கொடுப்பது எளிதா? அன்றைய ஆர்டர்கள் மேசையில் குவிந்து கிடக்கும்போது மேலாளர் எவருக்கும் மனம் வராது. ஆயத்தம் என்று நாம் சொல்வதில் மிகுந்த விலையுள்ள பகுதி இதுதான் என்பது என் கருத்து.

1980இல் இந்த நிரல் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் சேலம் தொழிற்சாலையில் வேலைக்கு வந்தது. (நம் சேலத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவு ஏதுமில்லை.) டெக் நிறுவனம் அதற்கு எக்ஸ்கான் என்று பெயரிட்டது.

வேலைக்கு வந்த பிறகுதான் வேலை

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? அந்த நிறுவனத்திலும் பலர் அப்படித்தான் எதிர்பார்த்திருப்பார்கள். ஓர் எந்திரத்தை வாங்கி, தரையில் ஆணி அடித்து நிறுத்திவிட்டால், எண்ணெய் போட்டுக்கொண்டு பல ஆண்டுகள் ஓட்டலாம். எக்ஸ்கான் அந்த வகை எந்திரம் அன்று. டெக் ஒரு புதிய உறுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தால் அன்றே அதன் விவரம் எக்ஸ்கானுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அகலம், உயரம், இழுக்கும் மின்சாரம், எந்தக் கேபிள், எதோடு சேரும், எதோடு சேராது என்று எல்லாம் வேண்டும். ஓர் எண் தவறினால் அந்த உறுப்பு வரும் ஒவ்வொரு ஆர்டரிலும் அதே தவறு திரும்பத் திரும்ப நேரும். மனிதர் என்றால் "இது என்ன, கேபிள் மூன்றடிதானா?" என்று சந்தேகப்படுவார். நிரல் சந்தேகப்படாது.

1983 இறுதியில் எக்ஸ்கானில் 3300க்கு மேற்பட்ட விதிகள் இருந்தன. உறுப்புகளின் பட்டியல் 5400ஐத் தாண்டியது. 1987இல் விதிகள் ஏறத்தாழ 6200. அவற்றில் பாதி ஒவ்வோர் ஆண்டும் மாறின! கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 3100 மாற்றம் என்றால் வாரத்துக்கு ஏறத்தாழ 60. ஒரு விதியைத் திருத்தினால் அது வேறு எந்த விதியை இடிக்கும் என்றும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்காரர் ஒருவர் அவ்வப்போது வந்து செய்துவிட்டுப் போகக்கூடிய வேலையா இது? டெக் தன் ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்து, இதற்கென்று நிலையான குழு ஒன்றை வைத்துக்கொண்டது. விதிகளைப் பராமரிக்கவே தனி முறை ஒன்றையும் பின்னர் உருவாக்க வேண்டியதாயிற்று.

பலனும் பெரிதுதான். 1986க்குள் எக்ஸ்கான் 80,000 ஆர்டர்களைப் பார்த்து முடித்திருந்தது. அதன் விடைகள் 95 முதல் 98 விழுக்காடு வரை சரியாக இருந்தன. ஆண்டுக்கு 2½ கோடி டாலர் மிச்சம் என்று மதிப்பிட்டார்கள். இலவசமாகக் கொடுத்த உறுப்புகள் குறைந்தன. பூட்டும் வேலை விரைந்தது. இந்தச் செய்தி பரவியதும் வேறு பல நிறுவனங்களும் வல்லுநர் அமைப்புகளின் பின்னே ஓடின. அவற்றில் பல, விதி எழுதும் செலவை மட்டும் பார்த்தன. மாற்றி எழுதும் செலவைப் பார்க்கவில்லை.

யாருக்கு ஊதியம், எதற்கு ஊதியம்?

இனி எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். 1994இல் லின் மார்க்கஸ், மார்க் கெய்ல் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு கணிப்பொறி நிறுவனத்தின் கதை அது. நிறுவனத்தின் பெயரை மாற்றியே எழுதினார்கள். அங்கும் பொருத்தம் பார்க்கும் வல்லுநர் அமைப்புதான். ஆனால் அது தொழிற்சாலைக்கு அல்லாமல் விற்பனையாளருக்காகச் செய்யப்பட்டது. ஆர்டர் எழுதும் இடத்திலேயே தவறைத் தடுத்துவிட்டால் எவ்வளவு நல்லது! திட்டத்தில் குறையே இல்லை.

விற்பனையாளர்களோ அதைத் தொடவில்லை. நிரல் கடினமாக இருக்கிறது போலும் என்று எண்ணித் திரையை எளிதாக்கினார்கள். விடைகளை இன்னும் துல்லியமாக்கினார்கள். ஆண்டுகள் கடந்தன, பெருந்தொகை செலவாயிற்று. பயன்படுத்துவோர் பெருகவில்லை.

காரணம் நிரலுக்கு வெளியே இருந்தது. விற்பனையாளரை நிறுவனம் எதைக் கொண்டு மதிப்பிட்டது? எவ்வளவு விற்றார் என்பதைக் கொண்டு. ஆர்டரில் தவறு இருந்தால் அதைத் திருத்தியவர் வேறொருவர். அந்தச் செலவும் வேறு கணக்கில் எழுதப்பட்டது. தவறில்லாமல் எழுத ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவிட்டால் விற்பனையாளருக்கு நட்டமே. மேலும் விலைப்பட்டியல் போடுவதற்கு வேறொரு நிரல் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததால் அதே விவரத்தை இரண்டு முறை தட்டச்சு செய்ய வேண்டும். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? அவர்களும் அதையேதான் செய்தார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது எளிது, நியாயம் ஆகாது.

இன்றைய நிரல்கள்

டெக் நிறுவனம் 1998இல் காம்பாக் நிறுவனத்துக்குக் கைமாறியது. எக்ஸ்கான் காலமும் போயிற்று. இணையத்தில் கணிப்பொறியோ காரோ தேர்ந்தெடுக்கும்போது, "இந்த வகையோடு இது பொருந்தாது" என்று திரை சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். எக்ஸ்கானின் பேரப்பிள்ளைகள் அவை.

இன்று பேசப்படும் செயற்கை அறிவு பெரும்பாலும் வேறு வகை. விதிகளை யாரும் ஒவ்வொன்றாக எழுதுவதில்லை. பழைய எடுத்துக்காட்டுகளை ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் கொடுத்தால் நிரல் தானே பழகிக்கொள்கிறது. அப்படியானால் மெக்டெர்மட் பட்ட பாடு நமக்கு இல்லையே என்று தோன்றும். பாடு வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. அது பதிவேட்டில் இருக்கிறது.

ஒரு கடையின் பழைய ஆர்டர்களை நிரலுக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே கேபிளை ஒரு குமாஸ்தா '12 அடிக் கேபிள்' என்று எழுதியிருப்பார். இன்னொருவர் 'நீளக் கேபிள்' என்பார். மூன்றாமவர் எண்ணை மட்டும் குறித்திருப்பார். நமக்கு ஒன்று, நிரலுக்கு மூன்று. இது சிறிய தொல்லை. பெரிய தொல்லை வேறு. ஆர்டரில் தவறு இருக்கிறது. அனுபவசாலி ஒருவர் அதைக் கண்டுபிடித்துச் சரியான உறுப்பைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறார். பதிவேட்டில் மட்டும் திருத்தவில்லை. நல்ல மனிதர், நல்ல வேலை. ஆனால் பதிவேட்டைப் படித்துப் பழகும் நிரல், அந்தத் தவறான ஆர்டரையே சரியான ஆர்டர் என்று கற்றுக்கொள்ளும். அந்த அனுபவசாலி ஓய்வு பெற்றுப் போன பிறகு, அவர் செய்தது எதுவும் எந்தத் தாளிலும் இராது.

விவரம் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் இன்னொரு மாதிரியும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் நடந்த நிகழ்ச்சி ஒன்று. ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் பயணிகளின் கேள்விகளுக்கு விடை சொல்லும் உரையாடல் நிரல் ஒன்று இருந்தது. 2022 நவம்பரில், பாட்டியை இழந்த பயணி ஒருவர் துக்கப் பயணத்துக்கான சலுகைக் கட்டணம் பற்றி அதனிடம் கேட்டார். முதலில் முழுக் கட்டணம் செலுத்திவிட்டு, 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் சலுகை கிடைக்கும் என்றது நிரல். அதே தளத்தின் வேறொரு பக்கத்தில், பயணத்துக்குப் பிறகு கேட்டால் சலுகை கிடையாது என்று எழுதியிருந்தது. பணம் மறுக்கப்பட்டது. வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. அந்த நிரல் தனி ஆள், அதன் பேச்சுக்கு அதுவே பொறுப்பு என்ற பொருள்படும் வாதத்தையும் நிறுவனம் வைத்தது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. தன் தளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்து, 650 கனடா டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தொகை சிறிது. ஆனால் அந்த இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை நிறுவனத்தில் யாருடையது என்று முன்பே எழுதி வைத்திருந்தால் அந்தப் பயணி அலைந்திருக்க வேண்டியதில்லை.

நீங்களும் செய்து பாருங்கள்

இதற்குக் கணிப்பொறி வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். உங்கள் தெருவில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை இருந்தால், வேலை குறைவாக உள்ள நேரத்தில் போய், கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். "பெடல் மிதிக்கக் கடினமாக இருக்கிறது என்று ஒருவர் வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள் அண்ணே?" என்று தொடங்குங்கள். அவர் சொல்வதை "இப்படி இருந்தால், இதைச் செய்" என்ற வடிவில் 20 விதிகளாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து வரும் ஐந்து சைக்கிள்களுக்கு, அவர் கை வைக்கும் முன், உங்கள் விதிகளின்படி என்ன செய்ய வேண்டும் என்று நோட்டில் குறித்துவிடுங்கள். பிறகு அவரிடம் காட்டுங்கள். "அடடே, இது அப்படியில்லை தம்பி, மழையில் நனைந்த வண்டியென்றால் வேறு" என்று அவர் ஆரம்பிப்பார். 21ஆம் விதியை எழுதத் தயாராக இருங்கள். கடையில் இரண்டாவது மெக்கானிக் இருந்தால் அதே விதிகளை அவரிடமும் காட்டுங்கள். இருவரும் எங்கே வேறுபடுகிறார்கள் என்பதைத் தனிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் சீக்கிரமே நிரம்பிவிடும். நோட்டு கொஞ்சம் தடிமனாகவே இருக்கட்டும்.